ஜாதகக் கணக்கும் ஜோசியப் பலனும்

(ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேசவேண்டுமென்று நோட்டீசில் போட்டிருக்கும் விஷயம் "ஜாதகம் கணிக்கக் கற்றுக்கொள்வது எப்படி?" என்பதாகும். இந்த நோட்டீசைப் பார்த்துவிட்டு நமது தோழர்களிலேயே சிலர் முகம் சுளித்ததாகத் தெரிகிறது. "சுயமரியாதைக்காரனும் ஜோசியம் சொல்லக் கிளம்பிவிட்டானா?" என்று ஒருவர் நம்மிடம் நேரிலேயே கேட்டார். மற்றொரு பக்கத்தில், "கடைசியில் இவர்களும் வழிக்கு வந்துவிட்டார்கள்" என்று பஞ்சாங்கக்காரர்கள் சந்தோஷப்படுகிறார்களாம். இரண்டு கட்சியாரும் சற்றுப் பொறுமையாயிருந்து கேட்கும்படி வேண்டிக்கொள்ளுகிறோம்.

ஜோசியம் புரட்டு என்று நாம் மேடைதோறும் சொல்லிவருகிறோம். ஜனங்களும் கேட்டுக் கைதட்டுகிறார்கள். கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனவர்கள், மறுநாள் பொழுது விடிவதற்குள் பெண்ணின் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு ஜோசியர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இதற்குக் காரணம் என்னவென்று யோசித்துப் பார்த்ததில், "அது பெரிய கணக்கு, நமக்கு விளங்காது, விளங்காத ஒன்றைப் பொய்யென்று எப்படித் துணிந்து சொல்லுவது?" என்கின்ற பயந்தான் காரணமென்று நமக்குத் தோன்றுகிறது. ஜோசியரின் மூலதனம் கிரகமுமல்ல, ஏடுமல்ல. நமக்குக் கணக்குத் தெரியாது என்பதுதான் அவருடைய மூலதனம். ஆகவே, கணக்கையே கற்றுக்கொண்டுவிட்டால் என்ன என்பதுதான் இன்று நாம் சொல்ல வந்த சங்கதி.

நாம் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டோம். பிறகு பல வருஷம் மளிகைக் கடையில் பேரேடு எழுதிப் பிழைத்தோம். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் இந்த நான்குக்கும் மேல் நமக்கு ஒன்றும் தெரியாது. ஜாதகம் கணிக்க அந்த நான்கே தாராளம்.

நாம் இதைக் கற்றுக்கொள்ள நேர்ந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறோம். நமக்கு ஒரு தங்கை உண்டு. அவளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியபோது, ஜாதகத்தில் எட்டாமிடத்தில் செவ்வாய் இருக்கிறது, எட்டாமிடம் பெண்ணுக்கு மாங்கல்ய ஸ்தானம், ஆகையால் கட்டியவனுக்கு ஆகாது என்று ஜோசியர் சொல்லிவிட்டார். மூன்று இடம் தட்டிப்போயிற்று. மூன்றாவது இடத்தில் தாம்பூலம் மாற்ற நாள்கூடக் குறித்தாய்விட்டது. அதன்பிறகு மாப்பிள்ளையின் தாயார், "எனக்கு என் மகனுடைய உயிர் முக்கியம்" என்று சொல்லியனுப்பிவிட்டார். அந்த அம்மாளை நாம் குறை சொல்லவில்லை. பெற்றவள் பயப்படத்தான் செய்வாள், பயமுறுத்தியவனைத்தான் கேட்கவேண்டும். வாழைமரத்துக்குத் தாலி கட்டி, அந்த மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டால் தோஷம் நிவர்த்தியாகும் என்றொரு பரிகாரமும் சொல்லப்பட்டது. நமது தகப்பனார் அதற்கும் கடன் வாங்கத் தயாரானார். தங்கை யாரோடும் பேசாமல் அடுப்படியிலேயே இருந்துவிட்டாள்.

அப்போதுதான், இந்த "எட்டாமிடம்" எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவதென்று தீர்மானித்தோம். பக்கத்து ஊரில் ஒரு பெரியவர் இருந்தார். ஜாதகம் எழுதுவது அவருக்குத் தலைமுறைத் தொழில். நாம் இந்த இயக்கத்துக்காரர் என்று தெரிந்தும், "கற்றுக்கொண்டு திட்டு, கற்காமல் திட்டாதே" என்று சொல்லி நம்மைத் திண்ணையில் உட்காரவைத்தார். கடை கட்டியபிறகு இரவில் போவோம். நான்கு மாதம் சிலேட்டும் பலப்பமுமாகக் கழிந்தது. ஒரு காசு வாங்கவில்லை. இப்படிப்பட்ட மனிதர்களும் அந்தத் தொழிலில் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவது யோக்கியமாகாது.

இனி கணக்கைக் கேளுங்கள். வானத்தைச் சுற்றி ஒரு வட்டம். அதற்கு 360 பாகை. அதைப் பன்னிரண்டாக வெட்டினால் ராசிக்கு 30 பாகை. அதே வட்டத்தை இருபத்தேழாக வெட்டினால் நட்சத்திரம்; ஒன்றுக்கு 13 பாகை 20 கலை. பாகைக்கு 60 கலை. நட்சத்திரத்தை நான்காக வெட்டினால் பாதம். ஆக மொத்தம் 108 பாதம், ராசிக்கு ஒன்பது. ஒரே கேக்கை மூன்று விதமாக அறுக்கிறோம், அவ்வளவுதான். நாளுக்கு 60 நாழிகை. நாழிகைக்கு 60 விநாடி. ஒரு நாழிகையென்பது 24 நிமிஷம். ஒரு விநாடி 24 செகண்டு.

ஒரு கிரகம் எந்த ராசியில் நிற்கிறது என்பதைப் பஞ்சாங்கத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். கணக்குப் போடவேண்டியது லக்கினம் ஒன்றுக்குத்தான். பிறந்த நேரத்தில் கிழக்கே அடிவானத்தில் எந்த ராசி எழும்பிக்கொண்டிருந்ததோ அதுவே லக்கினம். அதை ஒன்று என்று வைத்து மற்ற வீடுகளை எண்ணவேண்டும். பூமி ஒரு நாளில் ஒரு சுற்றுச் சுற்றுவதால் பன்னிரண்டு ராசியும் 60 நாழிகைக்குள் எழும்பியாகவேண்டும். ஆனால் எல்லாம் சமமாக எழும்புவதில்லை. நம் பக்கத்தில் மேஷத்துக்கும் மீனத்துக்கும் நாலேகால் நாழிகை. ரிஷபத்துக்கும் கும்பத்துக்கும் நாலேமுக்கால். மிதுனம், மகரம் ஐந்தேகால். கடகம், தனுசு ஐந்தரை. சிம்மம், விருச்சிகம் ஐந்தேகால். கன்னி, துலாம் ஐந்து. கூட்டிப் பாருங்கள், சரியாக அறுபது வரும்.

சூரியன் உதிக்கும்போது சூரியன் இருக்கிற ராசியேதான் உதிக்கும். ஆவணி மாதத்தில் சூரியன் சிம்மத்தில் இருக்கிறது. நமது தங்கை பிறந்தது ஆவணி 15-ஆம் தேதி. சூரியன் சிம்மத்தில் பாதி வழி வந்துவிட்டது. ஆகவே சிம்மத்தில் மீதி பாதி எழும்ப 2 நாழிகை 37 விநாடி. அதன்பின் கன்னிக்கு 5 நாழிகை. ஆக 7 நாழிகை 37 விநாடிக்குக் கன்னி முடிந்து துலாம் தொடங்குகிறது. ஜாதகத்தில் எழுதியிருப்பது "உதயாதி 8 நாழிகை 0 விநாடி, துலா லக்கினம்." கணக்கு சரிதான். செவ்வாய் ரிஷபத்தில் இருக்கிறது. துலாத்தை ஒன்று என்று வைத்து எண்ணினால் ரிஷபம் எட்டு. தோஷந்தான், தப்ப வழியில்லை.

ஆனால், தோழர்களே! 8 நாழிகையில் 7 நாழிகை 37 விநாடியைக் கழித்துப் பாருங்கள். மீதி 23 விநாடி. அதாவது ஒன்பது நிமிஷம். அவள் பத்து நிமிஷம் முன்னால் பிறந்திருந்தால் கன்னி லக்கினம். கன்னியிலிருந்து ரிஷபம் ஒன்பதாமிடம். ஒன்பதில் செவ்வாய்க்குத் தோஷமே கிடையாது! சந்திரனிலிருந்து எண்ணினாலும் சுக்கிரனிலிருந்து எண்ணினாலும் இல்லை. ஆகவே மூன்று வரனைத் திருப்பி அனுப்பியதும், தகப்பனாரைக் கடனுக்கு அலையவிட்டதும், இந்த ஒன்பது நிமிஷம்.

உடனே வீட்டுக்குப் போய்த் தாயாரைக் கேட்டோம்: "பிறந்த நேரத்தைப் பார்த்தது யார்?" அவர் சொன்னார்: "வீட்டில் ஏது கடிகாரம்? மருத்துவச்சி வெளியே வந்து சொல்லும்போது வயலுக்குக் கஞ்சி கொண்டுபோகிற நேரம். அதைத்தான் உன் அப்பா ஜோசியரிடம் போய்ச் சொன்னார்." கஞ்சி கொண்டுபோகிற நேரத்தை ஜோசியர் எட்டு நாழிகை என்று வைத்தார். "0 விநாடி" என்றும் எழுதினார். அந்தப் பூஜ்யத்தைப் பாருங்கள்! கடையில் நாம் ஒரு மூட்டை புளியைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டு "நாற்பது கிலோ, பூஜ்யம் கிராம்" என்று பேரேட்டில் எழுதினால் முதலாளி நம்மை வைத்திருப்பாரா?

இன்று செல்போனில் பெயரும் ஊரும் நேரமும் தட்டினால் ஒரு நொடியில் ஜாதகம் வந்துவிடுகிறது. பாகை, கலை, விகலை வரைக்கும் எழுதிக் காட்டுகிறது. உள்ளே போனது கஞ்சி நேரமானால் வெளியே வருவதும் கஞ்சி நேரந்தான். எழுத்து மட்டும் அச்செழுத்து.

நிற்க, நேரத்தைச் சரியாகக் குறித்துவிட்டால் கிரக நிலையாவது ஒன்றாக இருக்குமா என்றால் அதுவும் கிடையாது. வாக்கியப் பஞ்சாங்கம் என்றும் திருக்கணிதப் பஞ்சாங்கம் என்றும் இரண்டு இருப்பது உங்களுக்குத் தெரியும். சனி கும்ப ராசிக்குப் போனது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. வாக்கியப்படி 2023 டிசம்பர் 20. அன்றைக்குத்தான் திருநள்ளாற்றில் கூட்டம். வானத்தில் இருக்கிற சனி ஒன்று. அது இருக்குமிடமும் ஒன்று. இடைப்பட்ட பதினொரு மாதத்தில் ஒரு மகர ராசிக்காரர் எந்தச் சனிக்கு எள் விளக்குப் போடுவது?

திருக்கணிதக்காரர்களுக்குள்ளும் ஒற்றுமையில்லை. வட்டத்தை எங்கேயிருந்து எண்ணத் தொடங்குவது என்பதில் லாகிரி கணக்குக்கும் ராமன் கணக்குக்கும் ஏறக்குறைய ஒன்றரைப் பாகை வித்தியாசம். ஒன்றரைப் பாகைதானே என்று நினைக்கவேண்டாம். தங்கைக்கு உத்திரட்டாதி நட்சத்திரம். பிறக்கும்போது சனி தசை. சனி தசைக்கு 19 வருஷம். சந்திரன் அந்த நட்சத்திரத்தில் போகவேண்டிய தூரம் எவ்வளவு பாக்கியோ அந்த விகிதத்தில் தசையும் பாக்கி. கால் பங்கு பாக்கியென்றால் 4 வருஷம் 9 மாதம். இதுவும் வெறும் பின்னக் கணக்குத்தான். 13 பாகை 20 கலைக்கு 19 வருஷமானால் ஒன்றரைப் பாகைக்கு எவ்வளவு? இரண்டு வருஷத்துக்கும் மேல்! "இருபத்தைந்தாம் வயதில் நல்ல காலம்" என்பது ஒரு ஜோசியருக்கு இருபத்து மூன்று, மற்றொருவருக்கு இருபத்தைந்து.

இந்த வித்தியாசம் வந்த வழியும் தெரிந்துகொள்ளத்தக்கது. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் பருவத்துக்கும் நட்சத்திரத்துக்கும் உள்ள பொருத்தம் சுமார் 72 வருஷத்துக்கு ஒரு பாகை வீதம் விலகிக்கொண்டே போகிறது. இப்போது சுமார் 24 பாகை விலகிவிட்டது. நீங்களே சோதிக்கலாம். வீட்டு வாசலில் நின்று சூரியன் உதிக்கும் இடத்தை மார்கழி முழுவதும் குறித்துவாருங்கள். டிசம்பர் 21, 22 வாக்கிலேயே தெற்குக் கோடியைத் தொட்டு வடக்கே திரும்பிவிடும். பஞ்சாங்கத்தின் உத்தராயணமோ தை முதல் தேதிவரை காத்திருக்கும். சூரியனுக்குத் தெரிந்தது பஞ்சாங்கத்துக்குத் தெரிய மூன்று வாரத்துக்குமேல் ஆகிறது!

இதையெல்லாம் ஒருநாள் பெரியவரிடமே கேட்டோம். கோபிக்கவில்லை. "திருத்திக்கொள்ளலாம், கணக்குத்தானே" என்றார். வாஸ்தவம், கணக்கைத் திருத்திக்கொள்ளலாம். அதன்பிறகு நாம் கேட்ட கேள்விதான் முக்கியமானது. "ஐயா, சனிக்கு 19, சுக்கிரனுக்கு 20, சூரியனுக்கு 6, கேதுவுக்கு 7 என்று ஒன்பது பேருக்கும் 120 வருஷத்தைப் பங்கிட்டிருக்கிறதே, இந்தப் பங்கு எந்தக் கணக்கில் வந்தது?" பெரியவர் சற்று நேரம் சும்மாயிருந்தார். பிறகு, "அது கணக்கில் வந்ததல்ல, ரிஷி வாக்கு" என்றார். "எட்டாமிடம் மாங்கல்யம் என்பது?" "அதுவும் அப்படியே." "செவ்வாய் கெடுதல் என்பது?" "அதுவுந்தான்."

பாருங்கள், நான்கு மாதம் நாம் கற்றது முழுவதும் கணக்கு. ஒவ்வொரு படிக்கும் காரணம் கேட்டால் பெரியவர் காரணம் சொன்னார். ராசி எழும்பும் நேரம் ஏன் மாறுகிறது என்று ஒரு தாம்பாளத்தைச் சாய்த்துவைத்து விளக்கினார். ஆனால் கட்டம் போட்டு முடித்து, "இதனால் இந்தப் பெண்ணின் புருஷன் சாவான்" என்கிற இடத்துக்கு வந்தவுடன் கணக்கு நின்றுவிட்டது. அங்கிருந்து ஒரு கூட்டல்கூடக் கிடையாது. பேரேட்டில் பக்கம் பக்கமாகக் கூட்டல் சரியாக இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் "இவன் தரவேண்டியது ஒரு லட்சம்" என்று எழுதியிருக்கிறது. ரசீது எங்கே என்றால், "மேலே கூட்டல் சரியாயிருக்கிறதே" என்கிறார்கள்!

இந்தச் செவ்வாய் தோஷத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2, 4, 7, 8, 12 ஆகிய ஐந்து இடத்தில் இருந்தால் தோஷம் என்கிறார்கள். பன்னிரண்டில் ஐந்து. லக்கினம், சந்திரன், சுக்கிரன் மூன்றிலிருந்தும் பார்க்கவேண்டும் என்கிறார்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் விழுவதாக வைத்துக்கொண்டால், மூன்றிலும் தப்புகிறவர் எத்தனை பேர்? பன்னிரண்டில் ஏழு என்பதை மூன்று தரம் பெருக்குங்கள். 1728-க்கு 343. நூற்றுக்கு இருபது பேர்கூட இல்லை. மற்ற எண்பது பேரும் தோஷக்காரர்கள்! எண்பது பேரை நிறுத்திவைத்தால் ஜோசியர் வீட்டுக் கல்யாணமே நடக்காதல்லவா? ஆகவே சொந்த வீட்டில் இருந்தால் விலக்கு, உச்சத்தில் இருந்தால் விலக்கு, குரு பார்த்தால் விலக்கு என்று ஏராளமான விலக்கு வைத்திருக்கிறார்கள். விலக்கு யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பது கட்டத்தைப் பொறுத்ததா, கொண்டுவந்த தட்டைப் பொறுத்ததா என்பதை நீங்களே அனுபவத்தில் பார்த்திருப்பீர்கள்.

இதனால் நம்மவர்களின் கணக்கை நாம் இகழுவதாக யாரும் எண்ணவேண்டாம். புதுச்சேரிக்கு வந்திருந்த லெ ஜாந்தீல் என்ற பிரெஞ்சு வானநூல்காரர், நம்மூர்க் கணக்கைக் கற்றுக்கொண்டு சோதித்தார். 1765 ஆகஸ்ட் 30-இல் நடந்த சந்திர கிரகணத்தின் நீளத்தில் தமிழ்க் கணக்குக்குப் பிழை 41 செகண்டு. அப்போது ஐரோப்பாவில் பேர்போன மேயர் என்பவருடைய கணக்குக்குப் பிழை 68 செகண்டு. 1825-இல் வாரன் என்ற வெள்ளைக்காரர் எழுதிய புத்தகத்தில் மற்றொரு புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரரைப்பற்றி இருக்கிறது. அவர் காகிதமில்லாமல், எழுதுகோலில்லாமல், தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமாக இருந்த வாக்கியங்களைக்கொண்டே கிரகணம் கணித்தார். தொடக்கத்தில் 4 நிமிஷமும் முடிவில் 52 நிமிஷமும் பிழையிருந்தது. ஏன் அப்படிச் செய்கிறோம் என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை என்று வாரன் எழுதியிருக்கிறார். சோழியைத் தள்ளி வானத்தை அளந்த அந்தக் கைகளைக் கும்பிடலாம். ஆனால் கிரகணக் கணக்கில் பிழையிருந்தால் அன்றிரவே வானத்தில் தெரிந்துவிடும். அதனால்தான் அது திருந்தியது. பலனில் பிழை வந்தால், "உங்கள் பூர்வ கர்மம்" என்று நம் தலையில் கட்டப்படுகிறது. அதனால்தான் அது திருந்தவேயில்லை.

1962 பிப்ரவரியில் ஏழு கிரகமும் கேதுவும் மகர ராசியில் கூடின. அந்தக் கணக்கில் பிழையில்லை, கூடவே செய்தன. உலகம் அழியுமென்று சொல்லி நாடெங்கும் யாகம் நடத்தினார்கள். நெய் அழிந்தது. 2008-இல் மகாராஷ்டிரத்தில் ஜயந்த் நார்லிகர் என்ற விஞ்ஞானி, பகுத்தறிவாளரான நரேந்திர தாபோல்கர் முதலியவர்களோடு சேர்ந்து ஒரு சோதனை வைத்தார். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் நூறு பேர், மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் நூறு பேர். இவர்கள் ஜாதகங்களைக் கலந்து, எது யாருடையது என்று பிரிக்கச் சொன்னார். ஜோசியர் ஒருவருக்கு நாற்பது ஜாதகம். பதில் அனுப்பியவர்கள் 27 பேர். காசைச் சுண்டிப் போட்டாலே இருபது சரியாக வரும். இவர்களுடைய சராசரி இருபதைக்கூட எட்டவில்லை. இந்தத் தாபோல்கரைத்தான் 2013 ஆகஸ்டில் காலை உலா போனவிடத்தில் சுட்டுக்கொன்றார்கள்.

தங்கையின் சங்கதியை முடிக்கவேண்டும். ஒன்பது நிமிஷ விஷயத்தை நாம் தகப்பனாரிடம் சொன்னவுடன் அவர் முகம் மலர்ந்தது. "அப்படியானால் ஏழரை நாழிகை என்று நீயே புதிதாக ஒரு ஜாதகம் எழுதிக்கொடுத்துவிடு" என்றார். நாமும், உண்மையைச் சொல்லுகிறோம், எழுதினோம். இத்தனை நாள் மேடையில் பேசியதெல்லாம் அப்போது நினைவுக்கு வரவில்லை. அடுப்படியில் உட்கார்ந்திருந்தவள்தான் நினைவில் இருந்தாள். மஞ்சள் தடவிய தாளில் கன்னி லக்கினம் போட்டு, செவ்வாயை ஒன்பதில் வைத்து, அழகாக எழுதி அவளிடம் காட்டினோம். அவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏன் அண்ணா, எட்டு நாழிகையில் பிறந்தவளை வேண்டாமென்றவர்கள், ஏழரை நாழிகையில் பிறந்தவளை மட்டும் வேண்டுமென்பார்களா? நான் இரண்டிலும் ஒருத்திதானே? இதை நம்பி வருகிறவனுக்கு நாளைக்குத் தலைவலி வந்தாலும் பழைய ஜாதகத்தைத் தேடுவானே" என்று கேட்டாள். நமக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இரண்டு தாளையும் அவளே அடுப்பில் வைத்தாள். அடுத்த ஆண்டு, ஜாதகம் கேட்காத ஒரு தோழரை அவளே விரும்பி, 1967-ஆம் வருஷச் சட்டப்படி மாலை மாற்றிக்கொண்டாள். மாப்பிள்ளை உயிரோடு இருக்கிறார். குழம்பில் உப்பு அதிகமென்று சண்டை போடும் அளவுக்கு ஆரோக்கியமாகவும் இருக்கிறார். இதைக்கொண்டு தோஷம் பொய்யென்று நாம் நிரூபித்துவிட்டதாகச் சொல்ல வரவில்லை. ஒரு குடும்பத்தை வைத்து நிரூபிப்பது ஜோசியர் செய்கிற வேலை. சோதனைக்கு நார்லிகர் கணக்கு இருக்கிறது.

பெரியவரிடமும் இதைச் சொன்னோம். "உன் தங்கை கெட்டிக்காரி" என்றார். அதற்கப்புறம் அவர் பெண் பொருத்தத்துக்கு வருகிறவர்களிடம், "நேரம் பார்த்தது யார்?" என்று முதலில் கேட்கத் தொடங்கினாராம். வருகிறவர்கள் குறைந்துபோனதாகக் கேள்வி.

தோழர்களே! கூட்டம் முடிந்ததும் இங்கேயே கரும்பலகை வைக்கச் சொல்லியிருக்கிறோம். நிற்க முடிந்தவர்கள் இருங்கள். லக்கினமும் தசையும் இன்று இரவே போட்டுக் காட்டுகிறோம். பலகைக்கு வருகிறவர்கள் தங்கள் ஜாதகத்தில் நாழிகை, விநாடி எழுதியிருக்கிற இடத்தைப் பார்த்து வையுங்கள். தாய்மார்கள் முன்வரிசைக்கு வரவேண்டும். ஏனென்றால் அந்த நேரத்தைப்பற்றிச் சாட்சி சொல்லக்கூடியவர்கள் நீங்கள்தான்.